டெக்கோரும் டிக்காஷனும்

தம்பி: அக்கா, டெக்கோருக்கு ஏதாச்சும் இருக்கா?

அக்கா: டிக்காஷன் இருக்கு. பால்தான் இன்னும் கடைக்கு வரல.

தம்பி: டிக்காஷன் இல்லக்கா, டெக்கோர்! ஹோம்ஸ்டே ரூம்ல மாட்டுறதுக்கு. அதோ மூலைல கெடக்குதே அந்தக் கூடை, அது மாதிரி.

அக்கா: எங்கம்மா தேயிலை பறிச்ச கூடைடா அது. அது எப்ப டிக்காஷன் ஆச்சு?

தம்பி: பிரெஞ்சு வார்த்தைக்கா. கரெக்டா சொன்னா டெக்கோ. கடைசி எழுத்த முழுங்கிடணும்.

அக்கா: எல்லாத்தையும் முழுங்க மாட்டாங்க. பாண்டிச்சேரில என் தங்கச்சி பொண்ணு பிரெஞ்சு டீச்சர், அவ சொல்லிருக்கா, அந்த ர் தொண்டையில இருந்து நல்லாவே வரும். நீ வாயில முழுங்குனத பில்லுல முழுங்கலையே, டெக்கோர் சார்ஜ் 500 ரூபான்னு உன் கெஸ்ட் ஒருத்தர் நேத்து இங்க உக்காந்து புலம்பிட்டுப் போறார்.

தம்பி: ரூமுக்கு நாலு டெக்கோர் வச்சிருக்கேன்லக்கா...

அக்கா: நாலு அஞ்சுன்னு எண்ற சாமானே இல்லடா அது. சுவரு கலரு, திரைச்சீலை, நாற்காலி எல்லாம் சேந்து ரூமு மொத்தமா எப்படி இருக்கோ அதுக்குத்தான் டெக்கோர்னு பேரு. தனித்தனியா தொங்க விட்டா டெக்கரேஷன், நம்ம ஜோடனை. முழுசா டெக்கரேஷன்னு சொன்னா 50 ரூபா, பாதியில வெட்டுனா 500ஆ?

தம்பி: போர்டு வேற எழுதிட்டேனே.

அக்கா: பாத்தேன். இங்கிலீஷ் 'E' மேல போட வேண்டிய கோட்ட 'O' மேல போட்டிருக்க.

தம்பி: பெயிண்டர் ஸ்டைலா இருக்கும்னான்...

அக்கா: ஒன்னுடா, பிரெஞ்சுல நாடக மேடைக்குப் பின்னாடி நிறுத்துற செட்டுக்கும் டெக்கோர்னுதான் பேராம். அப்படிப் பாத்தா உன் போர்டு சரிதான். வாசல்ல ஆட்டுக்கல்லு, சுவத்துல அரிக்கேன் லைட்டு, கோத்தகிரி குளிருல பாத்ரூம்ல மட்டும் சுடுதண்ணி வராது.

தம்பி: சரி விடுங்க. கூடை என்ன வெலை?

அக்கா: பச்சைத் தேயிலை கிலோ என்ன வெலை போகுதுன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கியா நீ? இலையக் கேக்க நாதியில்ல, கூடைக்கு மட்டும் பிரெஞ்சுல பேரு.

தம்பி: ...ஒரு டெக்கோர் போடுங்கக்கா. ச்சே, டிக்காஷன்.

அக்கா: போடறேன். 15 ரூபா. அந்தக் கூடையப் பாத்துக்கிட்டே குடிச்சா 515.