சதவீதம் மட்டும் பின்னால் போகாது

நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை அன்று சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை பணி எடுத்தோம், எத்தனை முடித்தோம் என்று எண்ணிக்கை வரும். அந்தக் கணக்கில் ஒரு சிறுபாலமும் ஒன்றுதான், ஒரு புறவழிச்சாலையும் ஒன்றுதான். அதை விடுங்கள். ஆய்வுக் கூட்டச் செய்திகளில் வரும் "85 சதவீதம் முடிந்தது"தான் பெரிய கூத்து.

இந்தச் சதவீதம் பெரும்பாலும் செய்த வேலையின் மதிப்பை ஒப்பந்தத் தொகையோடு ஒப்பிட்டு வருவது. 10 கி.மீ. அகலப்படுத்தும் பணி என்று வைத்துக்கொள்வோம். எட்டரை கி.மீ. தார் போட்டாயிற்று. மிச்சம் ஒரே இடத்தில் இருக்காது. நகர்த்தாத மின்கம்பம், குடிநீர்க் குழாய், கோர்ட்டில் கிடக்கும் நிலம் என்று ஏழெட்டுத் துண்டு. காகிதத்தில் 85. பஸ் டிரைவருக்கு ஏழெட்டு இடத்தில் மண் ரோடு.

இன்னொன்று. தாருக்கு அடியில் வரும் டபிள்யூ.எம்.எம். என்ற ஈரக்கலவை ஜல்லி அடுக்கை விரித்து, ரோலர் ஓட்டி, எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் அளவு ஏற்றினால் சதவீதம் ஏறிவிடும். மேலே பிரைம் கோட் என்ற மெல்லிய தார்ப் பூச்சு அடிக்காமல் வண்டி விட்டு, ஐப்பசி மழையும் பிடித்தால் தூள் கரைந்து ஜல்லி பெயர்ந்துவிடும். கிளறி, சமன் செய்து, மறுபடி இறுக்கினால்தான் மேல் அடுக்கு போட முடியும். வேலை இரண்டு படி பின்னால் போய்விட்டது. அறிக்கையில் எந்த மாதமாவது சதவீதம் குறைந்து பார்த்திருக்கிறீர்களா?

ரயில்வே மேம்பாலங்களில் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயுடையது, அணுகுசாலை மாநிலத்துடையது. "எங்கள் பகுதி முடிந்தது" என்று ஒரு தரப்பு சொல்லும்போது நடுவில் வானம் தெரியும்.

இதற்குப் புதுசாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். சைட் ஆபீஸ் சுவர்களில் ஸ்ட்ரிப் சார்ட் தொங்கும். நூறு மீட்டருக்கு ஒரு கட்டம், அடியில் வரும் ஜி.எஸ்.பி., அதன்மேல் டபிள்யூ.எம்.எம்., பிறகு தார்க் கலவை அடுக்குகளான டி.பி.எம்., பி.சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, முடிந்ததற்கு வண்ணம். அதை மாதாமாதம் இணையத்தில் ஏற்றி, முதல் கெடு தேதியையும் நீட்டித்த தேதிகளையும் பக்கத்தில் போட்டாலே போதும்.

போடும்வரை தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கோட்டப் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு. "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், விளக்கம் தரத் தேவையில்லை என்று பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஸ்ட்ரிப் சார்ட், வேலை எதனால் நின்றது என்று குறிக்கும் இடையூறு பதிவேடு, காலநீட்டிப்பு ஆணைகள், எம்-புக் பக்கங்கள். பிரிவு 2(ஜே) பணியை நேரில் பார்வையிடவும், சான்றிட்ட பொருள் மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது. அந்த வரியையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.