இட்லி மாவுக்குப் பின்னால் ஒரு குப்பி

அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் தயிர் எடுக்கப் போனேன். மாவுத் தூக்குக்குப் பின்னால் விரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி, அடியில் சிட்டிகை வெள்ளைத் தூள், கரைத்து ஊசியாகப் போடுவது. லேபிளில் பெயர் ஜிஎச்ஆர்பி-6. கீழே பொடி எழுத்தில், 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல'.

"ஜிம்மில் எல்லாரும் போடுகிறார்கள் மாமா. இது வளர்ச்சி ஹார்மோன் இல்லை, நம் உடம்பையே அந்த ஹார்மோனைச் சுரக்க வைப்பது" என்றான் அக்கா மகன்.

அவன் சொன்னது சரிதான். அதுதான் தொல்லை.

1970களின் பிற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் என்ற ஆய்வாளர், மூளையில் சுரக்கும் என்கெஃபலின் என்ற வலிதணிக்கும் பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்திய வடிவங்களில் சில, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை வெளியேற்றின. அந்த வழியில் வந்ததுதான் ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஎச்ஆர்பி-6. அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது ஒட்டும் இடத்தை, அதாவது அதன் ஏற்பியை, 1996இல்தான் மெர்க் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் பிடித்தார்கள். அதற்கு உரிய இயற்கை ஹார்மோன் கிரெலின் என்பதை 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டார்கள். கிடைத்த இடம் மூளை அல்ல, எலியின் இரைப்பை! கிரெலின் பசியைத் தூண்டும். இந்த ஊசி போட்டவருக்கு ஏன் அகோரப் பசி எடுக்கிறது என்பதும் அதோடு விளங்கியது. (பையன் இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அக்கா பூரித்துப் போயிருக்கிறாள்.)

அதே ஏற்பியில் ஒட்டும் மருந்து இபுடமோரென். பெப்டைடு அல்ல, வாயால் விழுங்குவது. 60 வயதைத் தாண்டிய 65 பேரை வைத்து நடந்த அதன் ஆய்வு 2008இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களுக்கு ஓராண்டில் கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 1.1 கிலோ கூடியது. வலிமை கூடவில்லை. ரத்தச் சர்க்கரை ஏறியது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையை, இதயச் செயலிழப்பு குறித்த அச்சத்தால் பாதியில் நிறுத்தினார்கள்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. இதே வழியில் வந்த மேசிமோரெலின் என்ற மருந்துக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதுவும் ஒரே ஒரு முறை கரைத்துக் குடிக்க வைத்து, ரத்தம் எடுத்து, ஹார்மோன் குறைபாடு உண்டா என்று பார்ப்பதற்கு. தசை ஏற்றுவதற்கு அல்ல.

ஆராய்ச்சி என்றால் யாராவது குறிப்பெடுக்க வேண்டும். இவன் வயிற்றில் குத்திக்கொள்வதை யார் எழுதி வைக்கிறார்கள்? குப்பிக்குள் இருப்பது அதுதானா என்று யார் பார்த்தார்கள்?

கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு எதற்கு மாமா, 23 வயதுதானே ஆகிறது" என்றான், நான்காவது தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே.