சாப்பாட்டுக்கு மேல் பழம் சாப்பிட்டால் வயிற்றில் அழுகுமா?

“சோற்றுக்கு மேல் பழம் சாப்பிட்டால் வயிற்றில் அழுகி விஷமாகும், வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. சாப்பிட்டு எழுந்ததும் மலைவாழைப்பழம் ஒன்றை உரிக்கும் பழனிமலைக்காரர்கள் பயப்பட வேண்டாம். இது பொய்.

அழுகல் கிருமிகளின் வேலை. இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. சோறு, பருப்பு, பழம் எல்லாம் அங்கே கூழாகி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும். சத்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் அங்கேதான். உள்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள். பழத்தின் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அவற்றின் வழியாக ரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. முன்னால் சோறு போனதால் இந்த வழி அடைபடாது.

இன்னும் சொல்லப்போனால், சாப்பாட்டோடு பழம் சேர்வது நல்லது. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் லேசில் எடுத்துக்கொள்ளாது; கூடவே வைட்டமின் சி இருந்தால் அதிகம் உறிஞ்சும். ரத்தசோகை உள்ள பெண்கள் இந்தச் செய்தியை நம்பி, சாப்பாட்டோடு சேர வேண்டிய தாண்டிக்குடி ஆரஞ்சையும் கொய்யாவையும் ஒதுக்கிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

சரி, சர்க்கரை நோயாளிகள்? அவர்கள் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.