கூட்டக் குறிப்பை எழுதுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார்: "வேலையிடத்தில் எது நடந்தாலும் பெண் என்பதால்தான் இப்படி என்கிறார்கள். எதை நம்புவது, எதைத் தள்ளுவது?" எரிச்சலில் கேட்டாலும் நியாயமான கேள்விதான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஊழியர் புகார்களை விசாரிக்கும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் நான்.

முதல் புகாரிலேயே சறுக்கினேன். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எப்போதும் தன் தலையில்தான் விழுகிறது என்று ஒரு பெண் பொறியாளர் எழுதியிருந்தார். மேலாளரைக் கேட்டேன். "ஐயோ, அப்படி ஓர் எண்ணமே எனக்கு இல்லை" என்றார். நல்ல மனிதர். நம்பிக் கோப்பை மூடப் போனேன். குழுவிலிருந்த மூத்த அக்காதான் தடுத்தார்: "அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை விடுங்கள் தம்பி. குறிப்புகளை எடுங்கள்." எடுத்தோம். ஐந்து பேர் கொண்ட அணியில், ஆறு மாதக் குறிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் அடியிலும் அந்தப் பெண்ணின் பெயர். அவர் விடுப்பில் இருந்த நாள்களில் எழுதியவர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத இன்னொரு பெண். மேலாளர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை.

வேறொரு புகாரில் பதவி உயர்வு ஓர் ஆணுக்குப் போயிருந்தது. அதற்கும் ஏடுகளைப் புரட்டினோம். அதே அளவுகோலில் வேறு இரண்டு ஆண்களும் கழிக்கப்பட்டிருந்தனர், புகார் நிற்கவில்லை. புகார் கொடுத்தவர் அதை ஏற்கவில்லை. இன்றும் எம்ஆர்டி ரயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நண்பர் விடவில்லை, புள்ளிவிவரத்தை எடுத்தார். மனிதவள அமைச்சின் 2023 கணக்குப்படி ஆண், பெண் ஊதிய இடைவெளி 14.3 விழுக்காடு, வயது, கல்வி, தொழில் போன்றவற்றில் உள்ள வேறுபாட்டைச் சரிக்கட்டினால், அதாவது இவற்றில் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட்டால், 6 விழுக்காடு. "பார்த்தீர்களா, அவ்வளவுதான்!" அந்த ஆறு மட்டும் சின்னதா என்ன? தவிர, யார் எந்தத் தொழிலுக்குள் தள்ளப்படுகிறார் என்பதையே சரிக்கட்டிவிட்டால் அந்தப் பாகுபாடு கண்ணில் படாமலே போய்விடும், நான் மூடப் போன கோப்பைப் போலத்தான்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. புகாரை விசாரிக்க முறையான வழி வேண்டும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் பெரிது. பயந்தவர்கள் புகாரே எழுதுவதில்லை. எழுதாத புகாரை எந்தக் குழு விசாரிக்கும்?

25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. நண்பரிடம் வேலை செய்வது பதினெட்டுப் பேர். சட்டம் தொடாவிட்டாலும் கூட்டக் குறிப்புகள் அவரிடமும் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.