கோடாரிக் காம்பு

மதினி: அப்படியே நில்லுங்கள். காலைக் காட்டுங்கள்.

கொழுந்தன்: எதற்கு மதினி? விறகு வெட்டியாச்சு. மூன்று மணி நேரத்தில் முழு மரம்!

மதினி: முள் எங்கே?

கொழுந்தன்: முள்ளெல்லாம் குத்தவில்லை.

மதினி: கண்மாய்க்குள் கருவை வெட்டப் போனவர் காலில் முள் இல்லை, கையில் கீறல் இல்லை. அந்த முள் டிராக்டர் டயரையே பஞ்சராக்கும். குத்தினால் இரண்டு நாள் வீங்கும். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எந்த மரத்தை வெட்டினீர்கள்?

கொழுந்தன்: கண்மாய்க்குள் ஒரே புதராக இருந்தது மதினி. எது அடிமரம், எது கிளை என்றே தெரியவில்லை. களத்துப் பக்கம் ஒன்று நேராக, வசதியாக நின்றது.

மதினி: காய் எப்படி இருந்தது? பீன்ஸ் மாதிரியா, மணி கோத்த மாலை மாதிரியா?

கொழுந்தன்: மாலை மாதிரி. சாம்பல் பூசினாற்போல அழகாக இருந்தது. போட்டோ எடுத்திருக்கிறேன், பாருங்கள்.

மதினி: போச்சு. அது நாட்டுக்கருவை. மாமா வைத்த மரம். சித்திரையில் புல் கருகின பிறகு அந்த நெற்றைத் தின்றுதான் ஆடு உயிரோடு இருக்கிறது.

கொழுந்தன்: நீங்கள்தானே கருவையை வெட்டச் சொன்னீர்கள்?

மதினி: அண்ணனைக் கூப்பிடு என்றால் தெருவில் போகிற அண்ணனையெல்லாம் கூப்பிடுவீர்களா? நான் சொன்னது சீமைக்கருவையை.

கொழுந்தன்: அதை ஒழிக்க வேண்டும் என்று நானே எத்தனை வீடியோ பகிர்ந்திருக்கிறேன் தெரியுமா?

மதினி: பகிர்ந்தீர்கள், சரி. ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

(ஊருக்கு இரண்டு நாள் வருகிறவர்கள் முதலில் தேடுவது கோடாரியைத்தான். சாணி அள்ளும் கூடை எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.)

கொழுந்தன்: கோர்ட்டே அழிக்கச் சொன்ன மரம் மதினி அது.

மதினி: 2017-ல் சொன்னார்கள். மிஷின் வந்தது. ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். தூரைத் தோண்டவில்லை. அடுத்த மழைக்கு ஒன்று நாலாகக் கிளம்பி நிற்கிறது. அதை வெட்டித்தான் எங்கள் பக்கம் கரிமூட்டம் போடுகிறார்கள், சோறும் பொங்குகிறோம். 14.2 கிலோ சிலிண்டர் அதோ மூலையில் இருக்கிறது. உங்களை மாதிரி விருந்தாளி வந்தால் காபிக்குப் பற்றவைப்பேன். விற்கிற விலைக்கு, உலையெல்லாம் அதில் வைக்க முடியுமா? சரி, அதை விடுங்கள். கோடாரி எங்கே?

கொழுந்தன்: அது... வைக்கோல் படப்பு வேலையும் முடிச்சாச்சு மதினி.

மதினி: என்ன முடிச்சாச்சு? முந்தாநாள் மழையில் நனைந்த மேல் வைக்கோலை உதறிக் காயப்போடச் சொன்னேன்.

கொழுந்தன்: மறுபடி மழை வந்தால்? அதனால் நேற்றே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன்.

மதினி: ஈர வைக்கோலையா?

கொழுந்தன்: ஆமாம். இன்று காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் புகை! குபுகுபு என்று. நல்லவேளை, நான் இருந்தேன்.

மதினி: அது புகை இல்லை, ஆவி. ஈர வைக்கோலை மூடி வைத்தால் உள்ளே சூடேறும். பிரித்து விட்டால் ஆறிவிடும். நீங்கள் என்ன செய்தீர்கள்?

கொழுந்தன்: தீயை அணைத்தேன்.

மதினி: எத்தனை குடம்?

கொழுந்தன்: குடமெல்லாம் இல்லை மதினி. மோட்டார் போட்டேன்.

மதினி: ...

கொழுந்தன்: மாடு ஈர வைக்கோல் தின்னாதா?

மதினி: தின்னும். பூசணம் பிடிப்பதற்குள் ஒரு வருஷத்துத் தீனியை நாளைக்குள் தின்னச் சொல்லுங்கள். உங்கள் பேச்சை ஒருவேளை அது கேட்கும். பஸ் எத்தனை மணிக்கு?

கொழுந்தன்: ஏழரைக்கு.

மதினி: அதுவரைக்கும் இந்தத் திண்ணையில் உட்காருங்கள். எதையும் தொட வேண்டாம். கோடாரி எங்கே என்று கேட்டேன்.

கொழுந்தன்: கடைசி வெட்டில் காம்பு முறிந்துவிட்டது. கவலைப்படாதீர்கள், புதுக் காம்பு நானே போட்டுத் தருகிறேன். வீடியோவில் பார்த்தேன். எந்த மரம் தோது?

மதினி: நாட்டுக்கருவைதான்.

கொழுந்தன்: பார்த்தீர்களா! களத்தில் ஒரு முழு மரமே கிடக்கிறது!

மதினி: கிடக்கிறது. அதிலிருந்து காம்பு வெட்டக் கோடாரி வேண்டுமே, கொழுந்தனாரே.

கொழுந்தன்: பக்கத்து வீட்டில் இரவல் கேட்டு வாங்கி வரட்டுமா?

மதினி: முறிந்ததே அவர்கள் வீட்டுக் கோடாரிதான்.