அம்மா எங்கே என்று கேட்டது போதும், டயப்பர் மாற்ற ஓர் இடம் கொடுங்கள்

ஓர் ஆண் கையில் குழந்தை இருந்தால் உங்களுக்கெல்லாம் என்னய்யா பிரச்சினை?

நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எங்களைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்க விடவில்லை. பாப்பா அலறிக்கொண்டிருந்தாள், டயப்பர் வழிந்து என் சட்டை வரைக்கும் வந்திருந்தது, அவர்களோ ஆளுக்கொரு விசாரணைக் கமிஷன் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ரூம்மேட்டின் அக்காவுக்கு டெங்கு. மாமா கப்பலில் வேலை, நடுக்கடலில் இருக்கிறார். ரூம்மேட்டின் அம்மா ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில். எட்டு மாதக் குழந்தையை வார்டுக்குள் விட மாட்டோம் என்றுவிட்டார்கள். அதனால் வேளச்சேரியில் பேச்சிலர்கள் மூன்று பேர் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தாள். பார்த்துக்கொண்டோம். நன்றாகவே பார்த்துக்கொண்டோம். ராத்திரி முறை வைத்து விழித்தோம், பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்தோம், ராகிக் கூழைக் கட்டி தட்டாமல் கிண்டினோம். திருச்சிப் பக்கம் இருக்கும் அவளுடைய அப்பாயிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும், நேற்று அவளை அங்கே கொண்டுபோய் விடக் கிளம்பினோம். வழியில் பஸ் மாற இறங்கிய இடத்தில்தான் இத்தனையும் நடந்தது.

முதலில் ஆண்கள் கழிப்பறைக்குப் போனோம். தரை முழுக்கத் தண்ணீர். குழந்தையைக் கிடத்த ஒரு திட்டு இல்லை, பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. அடுத்து தாய்மார்கள் பாலூட்டும் அறை. 2015-ல் தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுகளில் திறந்தார்களே, அதேதான். நல்ல திட்டம். வாசலில் இருந்த அம்மா, "ஆம்பளைங்க வரக் கூடாது" என்றார். சரி, நியாயம். உள்ளே பெண்கள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் நுழைவது முறையில்லை. நாங்கள் உள்ளே போகவும் கேட்கவில்லை. வெளியே சும்மா கிடந்த மேசையைத்தான் கேட்டோம், இரண்டு நிமிஷத்துக்கு. "அதெல்லாம் முடியாது, அம்மாவைக் கூட்டிட்டு வா." ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை எங்கிருந்து கூட்டிவருவது? டைம் கீப்பர் அறைக்குப் போனால், இது குழந்தைக்கு டயப்பர் மாற்றுகிற இடமா என்று ஒரு சத்தம். அப்படியென்றால் எதுதான் அந்த இடம்? அதைக் காட்டுங்கள், அங்கே போகிறோம்!

கடைசியில் பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் துண்டை விரித்துப் படுக்க வைத்தோம். எட்டு மாதக் குழந்தை ஒரு நிமிஷம் சும்மா கிடக்காது. மல்லாக்கப் போட்டால் குப்புற விழும், காலைப் பிடித்தால் கை டயப்பருக்குள் போகும், அந்தக் கை நேராக வாய்க்குப் போகும். ஒருவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் துடைக்க வேண்டும், வைப்ஸ் எடுத்துக் கொடுக்க மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். எங்களில் ஒருவன் ஆஸ்பத்திரியில், அக்காவுக்குத் துணையாக இருந்தான். இங்கே நாங்கள் இரண்டே பேர்.

மூன்றாவது ஆள் வந்தார். உதவிக்கு இல்லை.

"அம்மா எங்கப்பா?" ஆஸ்பத்திரியில் இருக்காங்க பாட்டி. "எந்த ஆஸ்பத்திரி?" சொன்னோம். அதற்குள் இன்னொருவர். "நீங்க ரெண்டு பேரும் யாரு?" இவன் தாய்மாமன், நான் அவனுடைய ஃபிரெண்ட். "தாய்மாமன்னா ஜாடையே இல்லையே?" மலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறவனிடம் ஜாடை பற்றிய ஆராய்ச்சி! அடுத்தவர் வந்தார், மறுபடியும் முதலிலிருந்து. அம்மா எங்கே, எந்த ஆஸ்பத்திரி, நீ யார். கும்பல் பெரிதாகப் பெரிதாக பாப்பா மிரண்டு வீறிட்டாள். உடனே, "பாரு, தெரியாதவங்க கையில இருந்தா இப்படித்தான் அழும்" என்று ஒரு தீர்ப்பு. உங்களைப் பார்த்துத்தானய்யா அழுகிறாள்! ஒரு பையன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். இத்தனை பேரில் ஒருவர், ஒரே ஒருவர், அந்த வைப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் கை நீளவில்லை.

அப்புறம் போலீஸ்காரர் வந்தார். குழந்தையின் ஆதார் எங்கே என்றார். நல்லவேளை, பிறப்புச் சான்றிதழ் ரூம்மேட்டின் செல்போனில் இருந்தது. அதுவும் போதவில்லை, அம்மாவிடம் பேச வேண்டுமாம். வீடியோ காலில் கூப்பிட்டோம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த அக்கா, தலை தூக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, "என் தம்பிதான் சார், என் குழந்தைதான் சார்" என்று முன்பின் தெரியாத மனிதருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார். பாப்பா திரையில் அம்மாவைப் பார்த்துவிட்டாள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு செல்போனை நோக்கித் தாவினாள். அம்மா வரவில்லை என்றதும் அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பக்கம் அக்காவும் அழுதார். அத்தனை நாள் பாப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு வீடியோ காலைத் தள்ளிவைத்திருந்த மனுஷி அவர்.

கும்பல் என்ன செய்தது தெரியுமா? "சரி சரி" என்று கலைந்துபோனது. ஒரு மன்னிப்பு கிடையாது. எங்கள் பஸ்ஸும் போய்விட்டது.

குழந்தை கடத்தல் நடக்கிற ஊரில் விசாரிக்கத்தானே வேண்டும் என்பீர்கள். விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், போலீஸைக் கூப்பிடுங்கள், தாராளமாகப் பதில் சொல்கிறோம். ஆனால் கும்பல் கூடி விசாரித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2018-ல் போளூர் பக்கத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கடத்தல்காரி என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிட வந்தவர். அந்தப் பையன் செல்போனைத் தூக்கியதும் என் ரூம்மேட்டின் கை நடுங்கியதற்குக் காரணம் அதுதான்.

பஸ் ஸ்டாண்டோடு போகவில்லை. மருந்துக் கடையில் பால் பவுடர் கேட்டால், "தாய்ப்பால்தான் தம்பி நல்லது" என்கிறார் கடைக்காரர். தெரியும். 1992-ல் வந்த சட்டப்படி அந்த டப்பாவிலேயே அதை அச்சடிக்கிறார்கள், குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் மீசை வைத்த என்னிடம் அதைச் சொல்லி என்ன பயன்? ஹவுஸ் ஓனருக்கு, குழந்தை வந்திருக்கிறதே, வீட்டுக்குப் பெண் யாராவது வந்து போகிறாளா என்று கவலை. எதிர் வீட்டு அம்மா, சளிக்கு நாக்கில் தேன் தடவு என்று கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்கிற ஆபத்தான நோய் வரும் என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னால், உனக்கென்ன தெரியும், நீ பிள்ளை பெற்றவனா என்கிறார். ஆபீஸில் லீவு கேட்டால், அது உன் குழந்தையா என்கிறார் மேனேஜர்.

சொந்தக் குழந்தையாக இருந்தாலும் கிடைத்திருக்காது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் தாய்க்கு 26 வாரம் விடுப்பு, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே தாய் நாளுக்கு நான்கு முறை போய்வரலாம் என்று எழுதினார்கள். அதில் அப்பனுக்கு ஒன்றும் கிடையாது. மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள். தனியார் வேலையில் முதலாளி மனம் வைத்தால் உண்டு. பாரம் முழுக்கப் பெண் தலையில்தான் என்று சட்டமே முடிவு செய்துவிட்டால், ஊர்க்காரர்கள் அம்மா எங்கே என்று கேட்காமல் வேறென்ன கேட்பார்கள்? மனைவியை இழந்துவிட்டுக் கைக்குழந்தையோடு பஸ் ஏறும் அப்பன் இந்த ஊரில் இல்லவே இல்லையா? அவனிடமும் இதையேதான் கேட்பீர்களா?

அமெரிக்காவில் 2016-லேயே சட்டம் போட்டார்கள். மக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களில், ஆண்கள் கழிப்பறையிலும் குழந்தைக்கு டயப்பர் மாற்றும் மேசை இருக்க வேண்டும் என்று. சுவரில் மடக்கி வைக்கிற ஒரு பலகை, அவ்வளவுதான். இங்கே அதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு கடப்பைக்கல் பதியுங்கள், பக்கத்தில் ஒரு குழாய், ஒரு குப்பைக்கூடை. ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம் என்று வெளியே எழுதி வையுங்கள்.

அப்புறம் இந்த பால் பவுடர் கம்பெனிக்காரர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பாட்டிலைக் கொதிக்க வை, கிருமி படக் கூடாது என்று டப்பாவைச் சுற்றி எழுதுகிறீர்கள். எல்லாம் செய்கிறோம். அந்த அளவுக் கரண்டியை மட்டும் ஏன் பவுடருக்கு அடியில் புதைத்து வைக்கிறீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு கையில் கத்துகிற குழந்தையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை முழங்கை வரைக்கும் டப்பாவுக்குள் விட்டுத் தேட வேண்டியிருக்கிறது. மூடியில் ஒட்டி வைத்தால் உங்கள் கம்பெனி மூழ்கிவிடுமா?