விழாத ட்ரோனும் விழுந்து விழுந்து சிரித்தவர்களும்

இரண்டு நாளாக அந்த வீடியோதான் எல்லார் சுவரிலும் ஓடுகிறது. ட்ரோனைத் தடுக்கும் கருவியை ஒரு கம்பெனி மைதானத்தில் கூட்டத்தின் முன்னால் செய்துகாட்டிய டெமோ வீடியோ. ஒருவர் ஜாமர் துப்பாக்கியை, அதாவது ரேடியோ சிக்னலை மறிக்கும் கருவியை, தோளில் வைத்துக் குறிபார்க்கிறார். ஒன்பது விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே ட்ரோன் ஒரு கணம் நிற்கிறது. விழும் என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தால், இன்னும் உயரே ஏறி, திரும்பி, ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. முன்வரிசை நாற்காலிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கீழே கமெண்ட்: "ஜாமர் அடிச்சா ட்ரோனுக்குத் தெம்பு வருதுபோல."

சிரியுங்கள். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரியுங்கள். அந்த ஜாமர் வேலை செய்தது. வேலை செய்ததால்தான் ட்ரோன் ஏறித் திரும்பியது.

நூல் அறுந்ததும் ஆட்டம் முடிய ட்ரோன் ஒன்றும் காத்தாடி இல்லை. (டீலில் அறுந்த காத்தாடிகூட அங்கேயே பொத்தென்று விழாது. நாலு தெரு தள்ளி யார் வீட்டு ஆன்டெனாவிலாவது போய்த்தான் மாட்டும்.) ரிமோட்டிலிருந்து போவது "ஏறு, இறங்கு, இந்தப் பக்கம் போ" என்ற கட்டளை மட்டும். நாலு மோட்டாரையும் சமநிலையில் பிடித்துவைத்திருப்பது ட்ரோனுக்குள்ளே இருக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர். சுழற்சியையும் வேகமாற்றத்தையும் அளக்கும் கைரோவையும் ஆக்சிலரோமீட்டரையும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை படித்து, எந்த மோட்டாரை எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. ஜாமர் அதைத் தொடுவதே இல்லை. ரிமோட்டின் குரல் ட்ரோன் காதில் விழாதபடி ஓங்கிக் கத்துகிறது, அவ்வளவுதான்.

குரல் கேட்காத ட்ரோன் முன்கூட்டியே சொல்லிவைத்ததைச் செய்யும். அங்கேயே நிற்கலாம், இறங்கலாம், வீடு திரும்பலாம். கடையில் கிடைக்கும் கேமரா ட்ரோன்களில் பெரும்பாலும் மூன்றாவதுதான் இருக்கும். பிரேக் போட்டு நிற்கும், குறித்துவைத்த உயரத்துக்கு ஏறும், கிளம்பிய இடத்தைப் பார்த்துப் போகும். இப்போது வீடியோவை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நின்றது, ஏறியது, திரும்பியது. வரிசை மாறவில்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளைக் கேளுங்கள், இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். மண்டபத்துப் பக்கத்தில் 40 மீட்டர் செல்போன் டவர் இருக்கும், திரும்பும் உயரம் 30 மீட்டரில் விட்டிருப்பார்கள். சிக்னல் அறுந்ததும் ட்ரோன் பத்திரமாக வீட்டுக்குக் கிளம்பி டவரிலேயே போய் மோதும். இல்லையென்றால் ஜிபிஎஸ் பிடிக்கும் முன்பே அவசரமாகக் கிளப்பியிருப்பார்கள். ஹோம் பாயிண்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) எங்கோ நடுவானில் பதிவாகியிருக்கும், ட்ரோன் அதைத் தேடிப் பக்கத்து வயலுக்குப் போகும். அவர்கள் அஞ்சுவதெல்லாம் ட்ரோன் திரும்பி வரும் வழியை நினைத்துத்தான். சிக்னல் போனால் ட்ரோன் பொத்தென்று விழும் என்று அந்தத் தொழிலில் ஒருவரும் நினைப்பதில்லை.

"ஒன்பது விநாடி ஆச்சே, அது தோல்வி இல்லையா?" நியாயமான கேள்வி, பதில் கணக்கில் இருக்கிறது. யார் குரல் உரக்கக் கேட்கிறது என்பது ட்ரோன் இருக்கும் இடத்தில் தீர்மானமாகும். ரிமோட் 100 மீட்டரில், ஜாமர் 500 மீட்டரில் என்றால் தூரம் ஐந்து மடங்கு, அலையின் வலிமை இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதாவது 14 டெசிபல் பின்தங்கித்தான் ஜாமர் ஆட்டத்தையே ஆரம்பிக்கிறது. ரிமோட் தன் சக்தி முழுவதையும் ஒரு குறுகிய அலைவரிசையில் குவித்து, இடம் மாறி மாறித் தாவும். ஜாமரோ அது தாவக்கூடிய 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தத்துக்கும் பரப்ப வேண்டும், கூடவே 5.8 கிகாஹெர்ட்ஸுக்கும். அந்த வீடியோவில் பைலட் எங்கே நிற்கிறார் பார்த்தீர்களா? ட்ரோனுக்கு நேர் கீழே, மேடைக்குப் பக்கத்தில். ஜாமர் மைதானத்தின் மறுகோடியில். இதைவிடக் கஷ்டமான சோதனையை எதிரியே வைக்க மாட்டான். ஒன்பது விநாடியில் பிடித்ததற்குக் கைதட்டியிருக்க வேண்டும். ஹாஹா போட்டோம்.

"அப்போ ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து அடிச்சிருக்கலாமே?" அடித்திருக்கலாம். 1575.42 மெகாஹெர்ட்ஸில் சத்தம் போட்டால் வீட்டுக்கு வழி தெரியாமல் ட்ரோன் காற்று தள்ளும் பக்கம் மிதக்கும். அப்போதும் விழாது. காற்று கூட்டத்தின் பக்கம் அடித்தால் கூட்டத்தின் மேலேயே மிதக்கும். சுற்றுவட்டாரத்தில் அதே செயற்கைக்கோளைக் கேட்கும் ஆம்புலன்ஸ், விமானம், ஜிபிஎஸ்ஸைக் கடிகாரமாக வைத்திருக்கும் செல்போன் கோபுரம் எல்லாம் சேர்ந்து கெடும். அவர்கள் ஜிபிஎஸ்ஸைத் தொடாமல் விட்டது தெரிந்தேதான். ட்ரோன் ஒழுங்காக வழி கண்டுபிடித்துத் திரும்பியதே அதற்குச் சாட்சி.

திரும்புகிற ட்ரோன் எங்கே போகும்? கிளப்பிய இடத்துக்கு. கிளப்பிய ஆள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பான். ட்ரோனை வீழ்த்தினால் கையில் பிளாஸ்டிக் கிடைக்கும், திருப்பி அனுப்பிப் பின்னாலேயே போனால் ஆள் கிடைப்பான். டெமோ என்பதால் பைலட் மேடைப் பக்கம் நின்றிருந்தார், சரி. ஆனால் ட்ரோன் எங்கிருந்து கிளம்பியது என்று ஷெட்டுக்குப் பின்னால் ஓடிப் பார்க்கலாம் என்று அந்த முன்வரிசையில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

விழுந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒன்றரைக் கிலோ தேங்காய் 15 மீட்டர் மரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 220 ஜூல். ஒரு கிலோ ட்ரோன் 100 மீட்டரிலிருந்து விழுந்தால் 980 ஜூல், நாலு தேங்காய்க்கு மேல். காற்றுத்தடைக்கு நிறையவே கழித்துக்கொள்ளுங்கள், உடைந்து தீப்பிடிக்கும் லித்தியம் பேட்டரிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் யார் தலையில் விழட்டும் என்கிறீர்கள்?

"வெளிநாட்டுல எல்லாம் சுட்டுத் தள்றான்." எந்த வெளிநாட்டில்? 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையம் ட்ரோனைப் பார்த்ததாக வந்த தகவல்களால் முடங்கி, ஏறக்குறைய ஆயிரம் விமானங்கள், 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். பறக்கவிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. 2025 செப்டம்பரில் கோபன்ஹேகன் விமான நிலையம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மூடிக் கிடந்தது. ஏன் சுடவில்லை என்று கேட்டபோது, கீழே பயணிகள், விமானங்கள், எரிபொருள் என்றது டென்மார்க் போலீஸ். நெதர்லாந்து போலீஸ் கழுகைப் பழக்கிக்கூடப் பார்த்தது. கழுகு சில நேரம் சொன்னபேச்சு கேட்கவில்லை, திட்டத்தை மூட்டை கட்டினார்கள். அதைப் பார்த்து நாம் சிரித்ததாக நினைவில்லை. வெள்ளைக்காரன் செய்தால் பரிசோதனை.

"போர் வந்தா?" வந்தால் கதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். எல்லையில் வெடிகுண்டோடு வருவதைத் திருப்பி அனுப்பி ஆள் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, பீரங்கியோ இன்னொரு ட்ரோனோதான் வேண்டும். உக்ரைன் போரில் கண்ணாடி இழைக் கம்பியைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. அவற்றிடம் ரேடியோவே கிடையாது, எந்த ஜாமரும் பிரயோஜனமில்லை. ஆனால் அன்று அங்கே காட்டியது போர்க்களத்துச் சரக்கு இல்லை. கூட்டம் கூடும் இடத்துக்கான கருவி. பிரஷர் குக்கரில் தோசை வரவில்லை என்று புகார் சொல்வதா?

சரி, கம்பெனியின் பேனரிலேயே "வீழ்த்தும்" என்று போட்டிருந்தது, பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது. விளம்பரம் எழுதியவரைத் திட்டுங்கள், நானும் வருகிறேன். அந்தக் கருவியைச் செய்த பிள்ளைகளை ஏன் திட்டுகிறீர்கள்?

ஜாமர் துப்பாக்கி, ட்ரோனைத் தடுக்கும் இந்தத் தொழிலின் கடைசி அரை நிமிஷம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பார்த்தது ட்ரோன்தானா என்று தெரிய வேண்டும். சின்ன ட்ரோன் ரேடாருக்கு ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் தெரியும், பறவையும் ஏறக்குறைய அப்படித்தான். ட்ரோனின் விசிறி சுழல்வதால் எதிரொலியில் வரும் சின்ன நடுக்கத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். ரேடியோவைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்றால் ஒவ்வொரு மாடலின் சிக்னலும் முன்பே பதிவில் இருக்க வேண்டும். ட்ரோனுக்குள் ஓடும் மென்பொருள் (ஃபர்ம்வேர்) மாறினால் பழைய பதிவு பிடிபடாமல் போகலாம், மறுபடி உட்கார வேண்டும். ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கான போன்களின் வைஃபை அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் ட்ரோனை இரண்டு கிலோமீட்டரில் பார்த்துவிட்டால்கூடக் கையில் இருப்பது 133 விநாடி. அதற்குள் கேமரா திரும்பி உறுதி செய்து, ஒரு அதிகாரி சரி சொல்லி, ஒருவர் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். மொட்டை மாடியில் வெயிலில் லேப்டாப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு சிக்னல் பதிவெடுக்கும் பிள்ளைகளின் வேலை இதெல்லாம். இதில் மீம் போட எதுவும் இல்லை. அதனால் நமக்கு இது கண்ணில் படுவதும் இல்லை.

2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் வெடிகுண்டு போட்டபோது "நம்ம கிட்ட ஒண்ணுமே இல்லையா" என்று கொதித்தவர்களும் இதே சுவர்களில்தான் இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேடையில் ட்ரோனை விழவைப்பது ரொம்ப சுலபம். பந்தய ட்ரோன்களில் ஓடும் பீட்டாஃப்ளைட் மென்பொருளின் செட்டிங்கை மாற்றாமல் விட்டால், சிக்னல் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும். ஜாமரே வேண்டாம், கையில் இருக்கும் ரிமோட்டை அணைத்தாலே கல்லாக விழும். அப்படி ஒன்றைப் பறக்கவிட்டு, பைலட்டை அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, ஜாமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில விநாடியில் பொத். முன்வரிசை எழுந்து நின்று கைதட்டும், ஆர்டரும் கிடைக்கும். இவர்கள் கடையில் வாங்கிய ட்ரோனை, அதன் செட்டிங்கில் கைவைக்காமல், பைலட்டை அதற்கு அடியிலேயே நிறுத்திப் பறக்கவிட்டார்கள். அடுத்த டெமோவுக்குள் அவர்களும் கற்றுக்கொண்டுவிடுவார்கள், கவலைப்படாதீர்கள்.

பி.கு: வீட்டு மாடிக்கு மேல் ட்ரோன் பறக்கிறது, ஜாமர் எங்கே கிடைக்கும் என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: வாங்காதீர்கள். அரசின் தனி அனுமதி இல்லாமல் ஜாமர் பயன்படுத்துவது இந்தியாவில் சட்டவிரோதம். எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தப் பக்கம் திரும்பிப் போனது, மணி என்ன என்று குறித்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, திரும்பிப் போன பக்கம்.